ஐம்பது கிராம் துவரம் பருப்பு

இந்த மலரில் காதலைப் பற்றியும் கம்ப்யூட்டரைப் பற்றியும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்திருப்பது எங்கள் தெரு அண்ணாச்சி கடையைப் பற்றி. "மளிகைக் கடையில எழுத என்னடா இருக்கு?" என்று எங்க செட் பசங்களே சிரிச்சாங்க. படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

எங்கள் வேளச்சேரி இப்போது பெரிய இடம். பக்கத்துத் தரமணியில் 2000-ல் டைடல் பார்க் வந்தது. 2007-ல் பறக்கும் ரயில் வேளச்சேரி வரை வந்தது. 2013-ல் மால். ஓட்டு வீடு இருந்த இடமெல்லாம் அடுக்குமாடி. தெரு முனையில் ஏ.சி. போட்ட சூப்பர் மார்க்கெட். அதற்கு நாலு வீடு தள்ளி, சிமெண்ட் ஷீட் போட்ட அண்ணாச்சி கடை. சாக்கு மூட்டைகள், கண்ணாடி ஜாடிகள், மேலே தொங்கும் வாழைத்தார். பத்து நிமிஷத்தில் வீட்டுக்கே சாமான் கொண்டு வரும் பையன்கள் பைக்கை நிறுத்திப் பழம் சாப்பிடுவது இந்தக் கடை வாசலில்தான்!

மெக்கானிக்கல் மாணவன் என்பதால் எனக்குப் பிடித்தது அந்தத் தராசு. இரண்டு கையும் சம நீளம், நடுவில் கத்தி முனை. இரும்பு எடைக்கல்லைத் திருப்பிப் பாருங்கள், அடியில் ஒரு குழி. அதில் ஈயம் அடைத்து, எடையைச் சரிபார்த்து, அதன் மேல் அரசாங்க முத்திரை குத்தியிருக்கும். கரண்ட் போனாலும் நிற்காத மெஷின்.

அந்தக் கற்களில் ஐம்பது கிராம் கல்லுக்குத்தான் ஓய்வே கிடையாது. காரணம் சொல்கிறேன். எங்க அப்பா கொத்தனார். மழை பெய்தால் வேலை இல்லை, கூலியும் இல்லை. ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது, 2011 ஜூனிலிருந்து. ஆனால் வெறும் சோற்றைத் தின்ன முடியுமா? அம்மா சாயங்காலம் இருபது ரூபாயை நீட்டுவாங்க. பருப்பு அம்பது, புளி கொஞ்சம், மிளகாய்த் தூள் அஞ்சு ரூபாய்க்கு. அண்ணாச்சி முகம் சுளிக்காமல் பொட்டலம் கட்டுவார்.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. பருப்பு கிலோ 160 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அண்ணாச்சியிடம் ஐம்பது கிராம் எட்டு ரூபாய். ஒரு கிலோ வாங்குகிறவருக்கும் அதே கணக்கு, அம்மாவுக்கும் அதே கணக்கு. சூப்பர் மார்க்கெட்டில் அதே பருப்பு கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைவாக இருக்கலாம். ஆனால் அந்தப் பத்து ரூபாயை மிச்சம் பிடிக்க 150 ரூபாய் மொத்தமாகக் கையில் வேண்டும். பாக்கெட் சாமானில் பாக்கெட் சின்னதாகச் சின்னதாக, கிராமுக்கு விலை பெரும்பாலும் ஏறிக்கொண்டே போகும். (ஷாம்பு வேறு கதை. அதில் பல சமயம் சாஷேதான் மலிவு.) ஆக, கையில் காசு குறைவாக உள்ளவன்தான் ஒவ்வொரு கிராமுக்கும் அதிகம் கொடுக்கிறான். எனக்குத் தெரிந்து எங்கள் தெருவில் இந்த அநியாயம் இல்லாத ஒரே இடம் அந்தத் தராசுதான்.

அதற்காக அண்ணாச்சி கடை சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். பில் கிடையாது. சாப்பிடும் பொருளைச் செய்தித்தாளில் மடிக்கக்கூடாது என்று 2018-லேயே விதி வந்துவிட்டது. அண்ணாச்சி இன்னும் தினத்தாளில்தான் மடிக்கிறார். சொன்னால், "நியூஸும் படிச்சுக்கோ தம்பி" என்பார்!

காசே இல்லாத நாளுக்கு நோட்டு இருக்கிறது. வீட்டுக்கு ஒரு நோட்டு எங்களிடம், அதே கணக்கு அவருடைய பெரிய நோட்டிலும். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அண்ணாச்சி எழுதினதை அப்படியே நம்புவாங்க. நான் மூன்றாம் வகுப்பில் கூட்டல் கற்றதும் நோட்டை உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். சரியாக இருந்தது. அடுத்த மாசமும் பார்த்தேன். சரியாகவே இருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர். மூட்டையெல்லாம் போச்சு. மேல் தட்டில் இருந்த பெரிய நோட்டு மட்டும் நனையவில்லை. இருந்தும் மூணு மாசம் யாரிடமும் பாக்கி கேட்காத மனுஷன்.

இப்போது இடத்துக்காரர் இடத்தை ஒரு பில்டருக்குக் கொடுத்துவிட்டார். தை மாசத்துக்குள் காலி செய்ய வேண்டும். "புதுக் கட்டடத்துல நமக்கு எங்க தம்பி இடம்? அட்வான்ஸே லட்சக் கணக்குல சொல்லுதாவ. ஊருக்குப் போயி இருக்க வேண்டியதுதான்" என்கிறார். சூப்பர் மார்க்கெட்டில் பருப்பு எவ்வளவு சின்ன பாக்கெட் இருக்கிறது என்று போய்ப் பார்த்தேன். கால் கிலோவுக்குக் கீழே இல்லை. அம்மாவிடம் சொன்னேன். "பருப்பு வேணாம், ரசம் வெச்சிக்கலாம்" என்றாங்க.

பெரிய நோட்டைக் கூட்டிக் கொடுக்கும் வேலையை அண்ணாச்சி என்னிடம் கொடுத்திருக்கிறார். மொத்தம் 41 வீடு. ஞாயிற்றுக்கிழமை வரை 23 முடித்திருக்கிறேன். எங்கள் வீட்டுப் பாக்கி 640 ரூபாய். பொங்கலுக்குள் கட்டிவிடுவதாக அப்பா சொல்லியிருக்கிறார். நாலு வீட்டுக்காரர்கள் ஏற்கெனவே தெருவைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் பக்கத்தை என்ன செய்யட்டும் என்று கேட்டேன். "நீ கூட்டி மட்டும் வை" என்றார்.