செவிலிமேட்டில் மூன்று நாள் மழை... சுருக்கம் விழாத ஒரு சட்டைக்காக!

"துணி காயுது, இல்லேங்கல. ஆனா மாடு மென்னு துப்புன மாதிரில்ல வருது!"

செவிலிமேட்டில் அத்தை வீட்டு வாசலில் நான் குடையை மடக்குவதற்குள் கிடைத்த வரவேற்பு இது. அத்தையின் கையில் மாமாவின் வெள்ளைச் சட்டை. காலரிலிருந்து கீழ்மடிப்பு வரை ஆயிரம் கோடுகள். உள்ளே ஹாலில், தறிக்கு இரண்டடி தள்ளி, பளபளவென்று ஒரு வாஷிங் மெஷின். துவைக்கும், காயவைக்கும். இரண்டும் ஒரே டிரம்மில்.

நான் வந்தது வேறு வேலையாக. மழைக்காலத்தில் காஞ்சிபுரத்து நெசவாளர் தெருக்கள் எப்படி இருக்கின்றன என்று நாலு படமும் நாலு பத்தியும் எடுத்துப்போக. மூன்று நாள் விடாத மழையில் நான் எடுத்துவந்தது துணி காயவைத்த கதையைத்தான்.

காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து வந்தவாசி சாலையில் தெற்கே மூன்று, நான்கு கிலோமீட்டர் வந்தால் செவிலிமேடு. தாண்டினால் பாலாறு. ஒருகாலத்தில் தனிப் பேரூராட்சி. 2011-ல் காஞ்சிபுரம் நகராட்சியோடு சேர்த்தார்கள். 2021-ல் நகராட்சியே மாநகராட்சி ஆகிவிட்டது. ஆனால் ஷேர் ஆட்டோவில் ஏறினால் இன்னும் "டவுனுக்குப் போறியாம்மா?" என்றுதான் கேட்கிறார்கள். லட்சுமி நரசிம்மர் கோயில், ராமானுஜரின் சாலைக் கிணறு, ஆற்றுப் பாலம். நடந்தே பார்த்துவிடலாம், மழை விட்டால்.

மழை விடவில்லை. நெசவாளர் வீட்டில் மழை என்றால் சம்பளம் நின்றது என்று அர்த்தம். மாமாவுடையது குழித்தறி. தரையில் குழி வெட்டி, அதற்குள் காலை விட்டுத்தான் மிதிக்க வேண்டும். அடைமழையில் அந்தக் குழியில் நீர் ஊறும். மாமா ஒரு பிளாஸ்டிக் மக்கில் மொண்டு மொண்டு வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தார். பாதி நெய்த மாம்பழ மஞ்சள் பட்டுக்கு மேலே பாலித்தீன் தாள்.

மெஷினை வாங்கிக் கொடுத்தது பெங்களூரில் வேலை பார்க்கும் அத்தை பையன். முப்பது வருடம் ராட்டையில் தார் சுற்றிய கை அத்தையுடையது. இப்போது மணிக்கட்டு வீங்கிக் கிடக்கிறது. துணி பிழியவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் தவணையில் இந்த மெஷின். வந்த பிறகு நடந்தது என்னவென்றால், பிழிவது நின்றது, இஸ்திரி போடுவது இரண்டு மடங்கானது. தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர் மழையில் வருவதில்லை. கனமான இஸ்திரிப் பெட்டியை, வீங்கிய அதே கையால் அழுத்தி அழுத்தித் தேய்க்கிறார் அத்தை.

"பையன்கிட்ட சொல்லிடாத கண்ணு. ஆசையா வாங்கிக் குடுத்தான். மனசு கஷ்டப்படுவான்."

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 'டிரையரில் துணி சுருங்குகிறதா? சூப்பர் டிப்ஸ் இதோ!' என்று எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் நானே மூன்று முறை எழுதியிருக்கிறேன். என் ஹாஸ்டலில் டிரையர் கிடையாது. அம்மா வீட்டில் 'டிரையர்' என்றால் செமி ஆட்டோமேட்டிக் மெஷினில் துணியைச் சுழற்றித் தண்ணீரை உதறுகிற அந்தச் சின்னத் தொட்டிதான். சூடான காற்றில் துணி புரண்டு காயும் மெஷினை அன்றுதான் முதல்முறை திறந்து பார்த்தேன். ஐஸ் கட்டி போடச் சொல்லி எழுதியவள், அத்தை முகத்தைப் பார்க்க முடியாமல் ஃப்ரிட்ஜ் மேல் கவரோடு கிடந்த கையேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பத்தாவது நிமிடத்தில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. துவைக்க 8 கிலோ, காயவைக்க 5 கிலோ. மெஷின் கதவின் ஸ்டிக்கரிலும் அதையே பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் போட்டிருந்தார்கள். அத்தை என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? எட்டு கிலோவையும் திணித்துத் துவைத்து, கதவையே திறக்காமல் அப்படியே காயவைக்கும் பட்டனை அமுக்கிவிடுவார். பெட்ஷீட், மாமாவின் சட்டை, துண்டு, பேத்தியின் ஜீன்ஸ் எல்லாம் ஒரே பந்து. புரள இடமே இல்லை. பெட்ஷீட் சட்டையை விழுங்கிக்கொள்ளும். வெளியே இருப்பது காய்ந்து விறைத்துப்போகும், நடுவில் இருப்பது ஈரமாகவே இருக்கும். மெஷினோ ஈரம் போகவில்லை என்று இன்னும் சூடேற்றும். துவைத்து காயவைக்கும் மெஷின் உங்கள் வீட்டிலும் இருந்தால், இந்த இரண்டு எண்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பெரும்பாலானவற்றில் காயவைக்கும் எடை, துவைக்கும் எடையைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

மறுநாள் காலை மழை கொஞ்சம் தூறலானது. மாமாவோடு சாலைக் கிணற்றுக்கு நடந்தேன். விந்திய மலைக்காட்டில் வழி தவறிய ராமானுஜரை ஒரு வேடுவத் தம்பதி அழைத்து வந்ததாகவும், அந்த அம்மாளின் தாகத்துக்கு இந்தக் கிணற்றில் அவர் நீர் எடுத்துக் கொடுத்ததாகவும், பிறகு தினமும் இங்கிருந்தே வரதராஜப் பெருமாளுக்குத் தீர்த்தம் சுமந்ததாகவும் சொல்வார்கள். அங்கிருந்து பாலம். 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டுக்கொண்டு வெள்ளம் போன பாலாறு, பல வருடங்களில் வெறும் மணல். இப்போது நடுவில் கலங்கலாக ஒரு ஓட்டம்.

திரும்பும்போது ஒரு தெருவைக் காட்டி மாமா நின்றார். "வெயில் நாள்ல வந்திருந்தா இங்க பாவு நீட்டுறதைப் பாத்திருப்ப."

பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள். அதிகாலையில் தெரு நீளத்துக்கு அதை விரித்து, இரண்டு முனையிலும் இழுத்துக் கட்டுவார்கள். கஞ்சி தடவி, இழை இழையாகப் பிரித்துவிட்டு, அந்த இழுப்பிலேயே காயவிடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்துவிட வேண்டும்.

"எதுக்கு மாமா அவ்ளோ நீளமா இழுத்துக் கட்டணும்? சுருட்டி வெச்சா காயாதா?"

"காயும். ஆனா ஈரத்துல எப்படிப் புடிச்சு வெச்சியோ, காஞ்சா அப்படியேதான் நிக்கும். சுருட்டிக் காயவெச்சா சுருட்டையா நிக்கும். அப்புறம் அதை எந்தத் தறியில ஏத்துறது?"

பாலத்தில் வைத்து யாராவது என் தலையில் தட்டியது போல இருந்தது. ஏனென்றால் முந்தின நாள் இரவு, ஏன் துணி சுருங்குகிறது என்று போனில் தேடிப் படித்ததும் இதேதான். பருத்தி என்பது செல்லுலோஸ் சங்கிலிகள். ஒரு சங்கிலியை இன்னொன்றோடு ஹைட்ரஜன் பிணைப்புகள் பிடித்து வைத்திருக்கின்றன. தண்ணீர் உள்ளே போனால் அந்தப் பிடி தளர்கிறது. தண்ணீர் வெளியேறும்போது, அந்த நேரத்தில் துணி எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவிலேயே மறுபடி பிடித்துக்கொள்கிறது. அதாவது, சுருக்கம் துவைக்கும்போது நிலைப்பதில்லை. காயும் கடைசிக் கட்டத்தில்தான் நிலைக்கிறது. பாலியஸ்டருக்குத் தண்ணீரைவிடச் சூடுதான் முக்கியம். சூட்டில் இளகும், ஆறும்போது இறுகும். சூடாகக் குவியலில் கிடந்து ஆறினால் குவியலின் மடிப்புகளோடே இறுகிவிடும்.

நியூ ஆர்லியன்ஸில் அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வுக்கூடத்தில் ரூத் பெனரிட்டோ என்ற வேதியியலாளர் 1950-களில் இந்தச் சங்கிலிகளுக்கு நடுவே ரசாயனப் பாலம் போட்டுத்தான் இஸ்திரி தேவைப்படாத பருத்திக்கு வழி செய்தார். இன்று கடையில் 'ரிங்கிள் ஃப்ரீ' என்று விற்கும் சட்டைகளுக்குப் பின்னால் அவர் இருக்கிறார். மாமாவிடம் சொன்னேன். "அந்தம்மாவுக்கும் மழைக்காலம் ஜாஸ்தியோ என்னவோ" என்றார்.

அன்று மதியம் சோதனை. பெட்ஷீட்டும் ஜீன்ஸும் தனி. மாமாவின் சட்டைகள், அத்தையின் காட்டன் ஜாக்கெட்டுகள், ஒரு வேட்டி மட்டும் முதல் சுற்றில். டிரம்மில் பாதிகூட நிறையவில்லை. கடைசிச் சுழற்சியின் வேகத்தை 1,200-லிருந்து 800-க்குக் குறைத்தேன். அதிவேகத்தில் துணி டிரம்மின் சுவரோடு நசுங்கி ஒட்டிக்கொள்ளும் (குறைத்தால் கூடுதல் ஈரம் நிற்கும், காய நேரம் பிடிக்கும் என்பதும் உண்மை). துவைத்து முடித்ததும் கதவைத் திறந்து ஒவ்வொன்றையும் வெளியே எடுத்து உதறினோம். சாயப்பட்டறையில் நனைந்த பட்டு நூல் சிட்டத்தை உதறுவது போல, கையை மேலே தூக்கி ஒரே வீச்சு. அந்த வேலையை மாமா எடுத்துக்கொண்டார், அத்தையின் மணிக்கட்டுக்காக.

எல்லாம் நன்றாகப் போனது. முடிய இருபது நிமிடம் இருக்கும்போது கரன்ட் போனது.

கதவு பூட்டிக்கொண்டுவிட்டது. உள்ளே சூடும் ஈரமுமாகச் சட்டைகள். வெளியே பிடித்துக் கொட்டும் மழை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் மாமா ஒரு கதை சொன்னார். இதே காஞ்சிபுரத்தில் துணி வெளுத்தவர் திருக்குறிப்புத் தொண்டர். அறுபத்து மூவரில் ஒருவர். சேக்கிழார் பெரிய புராணத்தில் எழுதியிருக்கிறார். அடியார்களின் துணியை வெளுத்துக் கொடுப்பது அவர் தொண்டு. ஒருநாள் குளிரில் நடுங்கும் மெலிந்த முதியவராகச் சிவன் வந்தார். உடம்பில் அழுக்கேறிய கந்தல். பொழுது சாய்வதற்குள் துவைத்து, உலர்த்தித் தருவதாக வாக்குக் கொடுத்து வாங்கிக்கொண்டார் தொண்டர். துவைத்தும் விட்டார். மழை பிடித்துக்கொண்டது. மாலை வரை விடவில்லை. குளிரில் ஒரு முதியவரைக் காக்கவைத்துவிட்டோமே என்று துவைக்கிற கல்லிலேயே தலையை மோதிக்கொள்ளப் போனார். கல்லிலிருந்து ஒரு கை வந்து பிடித்துக்கொண்டது. டவுனில் முத்தீஸ்வரர் கோயிலுக்குப் போனால் அவரை நினைக்காமல் வர முடியாது என்றார் மாமா.

சின்ன வயதில் கேட்ட கதைதான். ஈரத் துணியோடு கரன்டுக்காகக் காத்திருந்த அந்த முக்கால் மணி நேரத்தில் வேறு மாதிரி கேட்டது. துணி காயாததற்காக ஒருவர் இவ்வளவு தவித்திருக்கிறார். இஸ்திரிப் பெட்டி இருந்த மூலையையே அத்தை பார்த்துக்கொண்டிருந்தார்.

கரன்ட் வந்து கதவு திறந்தபோது பழைய கதைதான். குவியலில் கிடந்து ஆறிய சட்டைகளில் புதுக் கோடுகள். அத்தை ஒன்றும் சொல்லவில்லை, பெட்டியை எடுக்கப் போனார். நான்தான் தடுத்தேன். ஒரு சின்னத் துண்டை நனைத்துப் பிழிந்து, அதே சட்டைகளோடு போட்டு, பத்து நிமிடம் ஓடவிட்டேன். சூட்டில் துண்டின் ஈரம் ஆவியாகிச் சட்டைகளுக்குள் போகிறது. தளர்ந்த துணி புரண்டு விரிகிறது. நான் மூன்று முறை எழுதிய ஐஸ் கட்டி செய்வதும் இதைத்தான். ஆனால் நாலைந்து உருப்படிக்கு மேல் போட்டால் பலிக்காது. அதை நான் ஒருமுறையும் எழுதவில்லை.

இந்தத் தடவை மெஷின் கூப்பிடும்வரை காத்திருக்கவில்லை. தொட்டால் இளஞ்சூடும், தையல் ஓரங்களில் லேசான ஈரமும் இருக்கும்போதே எடுத்தோம். ஒவ்வொன்றாக உதறி, காலரையும் பட்டன் பட்டையையும் கையால் நீவி, ஹேங்கரில். மாட்ட இடம்? தறிக்கு மேலே குறுக்கே போகிற மூங்கில் இருக்கிறதே! தண்ணீர் ஊறிய குழிக்கு மேல் ஐந்து வெள்ளைச் சட்டைகள் வரிசையாகத் தொங்கின.

இஸ்திரி போட்டது போல மொடமொடவென்று இருந்தன என்று சொல்ல மாட்டேன். அப்படி எந்த டிரையரும் தராது. ஆனால் போட்டுக்கொண்டு வெளியே போகலாம். வேட்டி மட்டும் கயிறாக முறுக்கிக்கொண்டது. நீளத் துணிகளுக்கு டிரையர் சரிப்படாது என்று அத்தையே தீர்ப்புச் சொல்லிவிட்டார். நான்காக மடித்துக் கொடியில் போட்டு, ஃபேன் காற்று. பட்டுப் புடவையைப் போடலாமா என்று விளையாட்டுக்குக் கேட்டேன். மாமா பார்த்த பார்வை இருக்கிறதே! சூடும் புரட்டலும் பட்டின் மினுமினுப்பையும் ஜரிகையையும் கெடுத்துவிடும். பட்டு நிழலில், காற்றில்தான் உலர வேண்டும். பீரோவில் வைத்தாலும் சில மாதங்களுக்கு ஒருமுறை பிரித்து, மடிப்பை மாற்றி மடிக்க வேண்டும். ஒரே மடிப்பில் கிடந்தால் ஜரிகை அந்தக் கோட்டிலேயே முறியும்.

இரவு அத்தை கணக்குப் போட்டார். ஹீட்டர் 2,000 வாட் என்றால், விடாமல் இரண்டு மணி நேரம் ஓடினால் 4 யூனிட். கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவசம். 2023-ல்தான் 200-லிருந்து கூட்டினார்கள். "மழை நாளுக்கு மட்டும் போட்டா தாங்கும். வெயில் அடிச்சா மொட்டை மாடி இருக்கு" என்று முடித்தார்.

மூன்றாம் நாள் காலை மாமாவுக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. நெய்து முடித்த புடவையை ஒப்படைக்க வேண்டும். மூங்கிலில் இருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடி முன் ஒரு நிமிடம் கூடுதலாகவே நின்றார். இஸ்திரிப் பெட்டி மூலையிலேயே இருந்தது.

நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது பெங்களூரிலிருந்து வீடியோ கால். "அம்மா, மெஷின் எப்படிம்மா ஓடுது?" என்று ஆரம்பித்தான் பையன். அத்தை போனைப் பார்க்கவே இல்லை. கண் முழுக்க மெஷினில் ஓடும் எண்ணில்.

"இன்னும் நாலு நிமிஷம்தான் இருக்கு. சூடா எடுக்கணும். அப்புறம் பேசறேன், வைடா!"