கேட்காத காது

நான் படித்தது பிரெஞ்சு மீடியம். பிறகு குமாஸ்தாவாக முப்பத்தைந்து வருடம் கோப்புகளோடு குடும்பம் நடத்தினேன். இஞ்சினைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். பென்ஷன் பணம் கைவிட்டுப் போன தகுதிதான்.

சென்ற ஐப்பசியில் என் காரில் மஞ்சள் நிற இஞ்சின் விளக்கு எரிந்தது. அரும்பார்த்தபுரம் மேம்பாலம் ஏறும்போது வண்டி என்னைப் போலவே மூச்சு வாங்கியது. பெட்ரோலும் அதிகம் குடித்தது. ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள பதினாறு முள் சாக்கெட்டில் கருவியைச் செருகி, "பி 0327 சார், நாக் சென்சார் போச்சு" என்றார்கள். புது சென்சார் போட்டு, கூலியோடு ஆறாயிரத்துச் சொச்சம் வாங்கிக்கொண்டார்கள். நான்காம் நாள் அதே விளக்கு, அதே எண். இந்த முறை, "இஞ்சின் கம்ப்யூட்டரையே மாத்தணும். இல்லேன்னா வண்டியைத் தள்ளிவிட்டுடுங்க" என்றார்கள். ரிடையர்மென்ட் பணத்தில் வாங்கிய வண்டி அது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் எங்கள் பழைய மெக்கானிக்கிடம் போனேன். அவருக்கும் அறுபதுக்கு மேல். கருவியை மாட்டுவதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்டார்: "ஐயா, பாலம் ஏறும்போது தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டுற மாதிரி சத்தம் வருதா?"

"இல்லவே இல்லை" என்றேன்.

பின்சீட்டிலிருந்து என் மனைவி, "இவரைக் கேட்காதீங்க தம்பி. இவருக்கு வீட்டு காலிங் பெல்லே கேட்கிறதில்லை" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. மெக்கானிக் சிரிக்கவில்லை. தானே ஓட்டிப் பார்த்து, "அம்மா, உங்களுக்குச் சத்தம் கேட்டுதா?" என்றார். அவளுக்கும் கேட்கவில்லை, அவருக்கும் கேட்கவில்லை.

அப்புறம்தான் விளக்கினார். சிலிண்டரில் பெட்ரோல் கலவை ஒழுங்காக எரியாமல் தாறுமாறாக வெடித்தால் வருவது நாக். பிரெஞ்சில் இதை 'கிளிக்தீ' என்பார்கள். தரம் குறைந்த பெட்ரோல், உள்ளே படிந்த கரி, அதிகச் சூடு என்று காரணங்கள் பல. விட்டுவிட்டால் பிஸ்டனே ஓட்டையாகிவிடும். அதைக் கேட்பதற்கென்று இஞ்சின் உடம்பில் முடுக்கியிருக்கும் காதுதான் நாக் சென்சார். உள்ளே இருக்கும் பொருள் அதிர்ந்தால் மின்சாரம் உண்டாகும். 1880-ல் பியேர் கியூரியும் அவர் அண்ணன் ழாக்கும் கண்ட விஷயம் இது. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சில் நெட்டுருப் போட்டது, எழுபது கடந்து ஒரு கார் ஷெட்டில்தான் புரிந்தது.

அந்த எண்ணையும் பிரித்துச் சொன்னார். பி என்றால் இஞ்சின், கியர் சம்பந்தப்பட்டது. 0 எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான குறி. 3 என்றால் தீப்பொறி சங்கதி. 27 என்பது நாக் சென்சார் சர்க்யூட்டில் சிக்னல் குறைவு. "சர்க்யூட்னுதான் சொல்லுது ஐயா, சென்சார்னு சொல்லலை" என்றார். சட்டென்று பிடிபட்டது. ஆடிட் அப்ஜெக்‌ஷன் வந்தால் அந்தக் கணக்கில் ஏதோ இடறுகிறது என்றுதான் பொருள். யார் குற்றவாளி என்று அதில் எழுதியிருக்காது. கோப்பைப் பிரித்து நாம்தான் தேட வேண்டும்.

பாட்டரியைக் கழற்றினார். சென்சார் பக்கம், கம்ப்யூட்டர் பக்கம், இரண்டு முனைகளையும் விடுவித்து, அந்தக் கம்பிக்கும் வண்டி உடம்புக்கும் நடுவே மீட்டர் வைத்தார். தொடர்பே இருக்கக்கூடாத இடத்தில் மீட்டர் கீச்சென்றது. கம்பியைத் தடவிக்கொண்டே போனார். ஒரு வளைவில் எலி கடித்து மேலுறை போய், உள்கம்பி இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. சென்சார் கேட்டதெல்லாம் வழியிலேயே மண்ணுக்குப் போய்விட்டது. புதுச் சென்சார் போட்டாலும் அதே கதிதான். கம்பியை மாற்றி, சென்சார் போல்ட்டை கம்பெனி சொன்ன அளவுக்கு முடுக்கினார். அது தளர்ந்தாலும் அதிகம் இறுகினாலும் காது சரியாகக் கேட்காதாம். நானூறு ரூபாய் வாங்கினார். ஏழு மாதமாகிறது, விளக்கு எரியவில்லை.

வண்டி ஏன் மூச்சு வாங்கியது என்றும் கேட்டேன். "காது கேட்கலைன்னு தெரிஞ்சதும் கம்ப்யூட்டர் வம்பு வேண்டாம்னு தீப்பொறியைத் தள்ளிப் போட்டு அடக்கி ஓட்டும் ஐயா. அதான் இழுவை இல்லை" என்றார்.

வீடு திரும்பும்போது நான் பேசவில்லை. காது கேட்கவில்லை என்று தெரிந்ததும் ஓர் இயந்திரம் அடக்கமாக நடந்துகொள்கிறது. நானோ மூன்று வருடமாக, "நீ முணுமுணுக்கிறாய், வாயைத் திறந்து பேசு" என்று அவள் மேல்தான் கத்திக்கொண்டிருந்தேன். கோளாறு என்னிடம் இருக்கலாம் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

அடுத்த வாரம் காது பரிசோதனைக்குப் போனேன். இப்போது இரண்டு காதிலும் கருவி. முதல் நாள் சாயங்காலம் சமையல்கட்டில் அவள் ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தாள். எத்தனை நாளாக இப்படிப் பாடுகிறாய் என்று கேட்டேன்.

"தினமும்தான்" என்றாள்.