கப்பலேறியவளும் ஊரில் இருந்தவளும்

அமெரிக்காவில் மார்மன் என்ற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்த குடும்பங்களில் கொள்ளுப்பாட்டியைப் பெற்றவள் வரைக்கும் பெயர், ஊர், தேதியோடு சொல்கிறவர்கள் உண்டு. 1847இல் தொடங்கி, கண்டத்தைக் கடக்கும் ரயில்பாதை 1869இல் முடியும்வரை, சுமார் 70,000 பேர் அந்தச் சபையை நம்பி யூட்டாவுக்குப் போனார்கள். மாட்டுவண்டிக்குக் காசில்லாதவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களைக் கைவண்டியில் ஏற்றி இழுத்துக்கொண்டே நடந்தார்கள். அப்படி நடந்த பெண்களில் சிலர் அந்தப் பயணத்தை எழுதி வைத்தார்கள். செத்துப்போன முன்னோர் பெயரால் ஞானஸ்நானம் செய்வது அங்கே கடமை என்பதால், பேரப்பிள்ளைகளால் வம்சத்தைத் தேடாமல் இருக்க முடியாது. இதற்கென்றே 1894இல் ஒரு வம்சாவளிச் சங்கம் தொடங்கினார்கள். சால்ட் லேக் சிட்டி பக்கத்தில் மலையைக் குடைந்து வம்சாவளி ஆவணங்களின் நுண்படச் சுருள்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ரிச்சர்ட் பாலண்டைன் என்ற அவர்களுடைய போதகர் ஒருவர் 1853இல் சென்னைக்கே வந்து பார்த்தார். பெரிதாக ஆள் சேரவில்லை.

அதே காலத்தில் நம் பக்கத்துப் பெண்களும் கிளம்பினார்கள். சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகம் சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை இந்தியாவிலிருந்து ஒன்றரை லட்சம் பேர், பெரும்பாலும் கரும்புத் தோட்ட வேலைக்காக, டர்பன் இருக்கும் நேட்டாலுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். எங்கள் தர்மபுரி அப்போது சேலம் ஜில்லாவில் ஒரு தாலுகா. தாது வருஷப் பஞ்சம் சேலம் ஜில்லாவைச் சுருட்டிப்போட்டது. அப்போது தர்மபுரியிலிருந்து கப்பலேறப் பட்டணம் போக வேண்டுமென்றால் மொரப்பூருக்குப் போய்த்தான் ரயிலேற வேண்டியிருந்தது. நூறு ஆணுக்கு நாற்பது பெண்ணாவது இருக்க வேண்டும் என்று பின்னாளில் விதி வந்ததால், ஆள்பிடிக்கும் தரகர்களுக்குப் பெண்கள் தேவைப்பட்டார்கள். தாலியறுத்தவள், புருஷன் விட்டுப்போனவள், கஞ்சிக்கு வழியில்லாதவள் எல்லாரும் அகப்பட்டார்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம். ஆணுக்குக் கொடுத்த கூலியில் பாதி.

நேட்டால் கப்பல் பட்டியலில் ஒருத்திக்கு ஒரு வரி. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா, கிராமம், கடைசியில் உடம்பில் உள்ள அடையாளம்: முகத்துத் தழும்போ, கையில் குத்திய பச்சையோ. யாரும் பாசத்தால் எழுதியதல்ல. தோட்டத்தைவிட்டு ஓடினால் பிடிக்க வேண்டும், கூலிக் கணக்கு பார்க்க வேண்டும், அதற்குத்தான். ஆனால் டர்பனில் இருக்கும் அவளுடைய வாரிசுகளுக்கு இன்றைக்கு அந்த ஒரு வரிதான் குலக்கதை. அதில் தகப்பன் பெயருக்குக் கட்டம் உண்டு, தாய் பெயருக்கு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஊரிலேயே இருந்துவிட்டவளுக்கு அந்த வரியும் கிடையாது. எங்கள் குலதெய்வக் கோயிலில் ஆடியில் கூடும்போது, பெரியவர்கள் நாலு தலைமுறை ஆண்களின் பெயரைத் தடங்கலில்லாமல் சொல்வார்கள். "அவருக்கு வாக்கப்பட்டவங்க பேரு என்னங்க பெரியப்பா?" என்றால், "பாப்பாரப்பட்டிக்காரி" என்பார். அடுத்த தலைமுறையில் ஒரு பாலக்கோட்டுக்காரி. பிறந்த ஊர் நிற்கிறது, ஆள் பெயர் போய்விட்டது. தாய்மாமன் சீர் வரும் வரைக்கும் அவள் பிறந்த வீட்டோடு போக்குவரத்து இருக்கும். அந்தத் தலைமுறை போனால் அதுவும் அறுந்துவிடும். பட்டாவிலும் பெரும்பாலும் ஆண் பெயர்தான். பஞ்சத்தில் கடல் தாண்டிப் போனவளுக்கு ஆதாரம் இருக்கிறது, இங்கேயே இருந்து வம்சத்தைக் காப்பாற்றியவளுக்கு இல்லை என்பது எனக்குக் கொஞ்சம் கோபத்தைத்தான் உண்டாக்குகிறது.

தென்னாப்பிரிக்காவிலிருந்து யாராவது பூர்வீகம் தேடி வந்து, பட்டியலில் "சேலம்" என்று போட்டிருக்கிறது என்றால், சேலம் டவுனுக்கு அனுப்பிவிடாதீர்கள். 1965 அக்டோபர் 2 வரைக்கும் தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் சேலத்துக்குள்தான் இருந்தன. குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப் பெயரை, பென்னாகரம், அரூர், ஊத்தங்கரை என்று நாலு பக்கமும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

நம் வீட்டுக் காரியம் அதைவிடச் சுலபம். அடுத்த ஆடிக்கு ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு போங்கள். அம்மா, அம்மாவைப் பெற்றவள், அவளைப் பெற்றவள் என்று பெயரும் பிறந்த ஊரும் கேட்டு எழுதுங்கள். எண்பது தாண்டிய அத்தைமார் இருந்தால் அவர்களிடம் முதலில் கேளுங்கள்.