செம்பு போல ஓர் அறை

"வீடு எப்படி இருக்கு?" என்று யாராவது கேட்டால், "என்னத்தைச் சொல்ல, சாதாரணமாத்தான் இருக்கு" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வது நம் பெண்களின் வழக்கம். சாதாரணம் என்றாலே ஏதோ குறை என்று நினைப்பு. நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் வரை பஸ்ஸில் போனால் வழியெல்லாம் புது வீடுகள். கண்ணாடி முகப்பு, உருட்டுத் தூண்கள், மூன்று நிறத்தில் பெயிண்ட். பார்க்க அழகுதான். ஆனால் மத்தியானம் இரண்டு மணிக்கு அந்த வீட்டு அடுக்களையில் நிற்கும் பெண்ணைக் கேட்டால் அல்லவா உண்மை தெரியும்!

வேண்டாத நகாசு இல்லாமல், நேர்கோடுகளும் மெல்லிய கால் வைத்த நாற்காலிகளும் காற்றும் வெளிச்சமுமாக வீட்டை அமைக்கும் பாணி 1950, 60-களில் உலகெங்கும் பரவியது. இது மேல்நாட்டுச் சரக்கு, நமக்கு எதற்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். அந்தப் பாணியில் பெரும் புகழ் பெற்ற அமெரிக்கத் தம்பதி சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ். இந்திய அரசின் அழைப்பில் வந்து, நாட்டைச் சுற்றிப் பார்த்து, 1958-ல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதையொட்டித்தான் 1961-ல் ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. அந்த அறிக்கையில் அவர்கள் எதை மிக உயர்வாகப் பாராட்டினார்கள், தெரியுமா? நாம் அன்றாடம் தண்ணீர் மொள்ளும் செம்பை! வடக்கே லோட்டா என்பார்களே, அதைத்தான்.

ஒரு செம்பைப் பற்றி அவர்கள் அடுக்கிய கேள்விகளைப் பாருங்கள். எவ்வளவு தண்ணீர் பிடிக்கும்? இடுப்பில் வைத்தால் எப்படி உட்காரும்? நிறைந்திருக்கும்போதும் காலியாக இருக்கும்போதும் கனம் எப்படி நிற்கும்? ஊற்றினால் ஒழுங்காக விழுமா? கழுவுவது சுலபமா? என்ன விலை? கடைசியில் பழைய உலோகமாகப் போட்டால் என்ன தேறும்? செம்பை ஒருவர் மட்டும் உட்கார்ந்து வரைந்துவிடவில்லை, பல தலைமுறை மனிதர்கள் கைபட்டுக் கைபட்டுச் சீர்ப்படுத்தியது என்றும் சொன்னார்கள்.

இந்தக் கேள்விகளை ஓர் அறையைப் பார்த்துக் கேட்டால் என்ன? எங்களுக்கு அப்படிக் கேட்க வேண்டிய கட்டாயம் வந்தது. 2021 நவம்பரில் எங்கள் மாவட்டத்தில் கொட்டிய மழையில் வீட்டின் மேற்குப் பக்கத்து அறை சரிந்துவிட்டது. என் மாமியார் படுக்கும் அறை அது. நல்லவேளை, அன்று அவர்கள் உள்ளே இல்லை.

வந்து பார்த்த காண்டிராக்டர் காங்கிரீட் தட்டட்டி, பளபளக்கும் டைல்ஸ், கண்ணாடி ஜன்னல், மேலே அலங்காரச் சீலிங், ஏசி என்று ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்தார். கையில் இருந்ததோ மகளின் நர்சிங் படிப்புக்காகச் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். அதில் கை வைத்தால் அடுத்த வருஷப் பீஸுக்கு வட்டிக்கு வாங்க வேண்டும். "கட்டுறது கட்டுறோம், நாலு பேர் பார்த்து நல்லாருக்குன்னு சொல்லாண்டாமா?" என்றார் என் வீட்டுக்காரர். அத்தையைக் கேட்டேன். "எனக்கு என்னத்துக்கு மக்களே ஏசி? ராத்திரி வழுக்கி விழாம கக்கூசுக்குப் போய்ட்டு வந்தாப் போரும்" என்றார்கள். செம்புக்குக் கேட்ட கேள்விகளைவிட இது பெரிய கேள்வி என்று எனக்குப் பட்டது. வயதானவர்களுக்கு இடுப்பு எலும்பு முறிந்தால் அதன் பிறகு நடமாட்டமே கேள்விக்குறியாகிவிடும்.

என் வீட்டுக்காரரிடம் வாதாடிப் பயனில்லை. கண்ணால் பார்த்தால்தான் நம்புவார். அத்தையின் கண் பரிசோதனைக்குத் திருவனந்தபுரம் போனபோது, தம்பானூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கும் இந்தியன் காபி ஹவுசுக்கு அழைத்துப் போனேன். செங்கல் கட்டடம், சங்கு போலச் சுற்றிச் சுற்றி மேலே ஏறும். சுவர் நெடுகச் சின்னச் சின்னத் துவாரங்கள்; அதன் வழியே காற்று வருகிறது, வெயில் கண்ணைக் குத்துவதில்லை. "யார் கட்டினது?" என்று அவரே கேட்டார். அது லாரி பேக்கர் வடிவமைத்தது. 1917-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்து, திருவனந்தபுரத்தையே சொந்த ஊராக்கிக்கொண்டு, 2007-ல் அங்கேயே மறைந்தவர். ஒரு வீட்டுக்கு வேண்டிய சாமான்கள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பதாக இருக்க வேண்டும் என்று காந்திஜி சொன்னதைக் கடைசிவரை மறக்காதவர். 1990-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

திரும்பும் வழியில் தக்கலையில் இறங்கிப் பத்மநாபபுரம் அரண்மனையையும் பார்த்தோம். நம் மாவட்டத்தில் இருந்தாலும் கேரள அரசின் பராமரிப்பில் இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளாக இருந்தபோது எல்லோரும் பார்த்ததுதான். வீடு கட்டும் கண்ணோடு பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது. திருவிதாங்கூர் மகாராஜா மந்திரிகளோடு ஆலோசித்த மண்டபமே தாழ்வான கூரையும் மரச்சட்ட ஜன்னல்களுமாக அடக்கமாக இருக்கிறது. சட்டங்கள் சாய்ந்திருப்பதால் காற்று உள்ளே வரும். வெயிலும் வேற்றார் பார்வையும் வராது. "ராஜாவுக்கே இது போதும்னா நமக்கென்ன?" என்றார் அத்தை. என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார்.

அப்புறம் வேலை தொடங்கியது. சுவரைப் பேக்கர் பிரபலப்படுத்திய 'எலிப்பொறிக் கட்டு' முறையில் கட்டினோம். செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்துவாட்டில் வைத்து, நடுவில் இடைவெளி விட்டுக் கட்டுவது. செங்கல்லில் ஏறக்குறைய கால் பங்கு மிச்சமாகும், சிமெண்டும் குறையும். உள்ளே அடைபட்ட காற்று வெளிச் சூட்டைத் தடுக்கும். கொத்தனார் தம்பி, "அக்கா, இது நிக்குமா?" என்று சந்தேகப்பட்டார். முதலில் ஓரமாக நாலு வரி கட்டிக் காய விட்டு, அதன் மேல் அவரே ஏறி நின்று பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார். இந்தக் கட்டுக்குச் செங்கல் ஒரே அளவாக இருக்க வேண்டும். கோணலும் மாணலுமாக இருந்தால் சரிப்படாது.

சரிந்த கூரையில் உடையாத ஓடுகளையும் அயினி மர உத்திரங்களையும் எடுத்து மறுபடி போட்டோம். கடைசியில் என்ன தேறும் என்ற கேள்விக்கு இங்கே பதில் கிடைத்தது! எங்கள் ஊருக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஆகவே இறவாரத்தை இரண்டரை அடி வெளியே நீட்டினோம். மேற்கே துவாரச் சுவர், உள்பக்கம் கொசுவலை. தரை சிவப்புக் காவி போட்ட சிமெண்ட், கண்ணாடிபோல மெருகேற்றாமல். அறைக்கும் கக்கூசுக்கும் நடுவே படியில்லை. சுவரில் பிடித்து நடக்க ஒரு கம்பி.

சாமான் என்று பார்த்தால் ஒரு கட்டில், சுவரில் ஒரு மாடம், ஒரு பிரம்பு நாற்காலி. நாற்காலியின் உயரம் ஒன்றரை அடி. மெத்தென்று உள்வாங்கும் சோபாவிலிருந்து வயதானவர்கள் எழுந்திருக்க முடியாது; பாதம் தரையில் பதிந்து முழங்கால் மடங்கும் உயரம்தான் நல்லது. பிரம்பு நாற்காலி பழைய பாஷன் என்று பரணில் போட்டு வைத்திருக்கிறீர்களா? 1950-களில் சண்டிகர் நகரம் உருவானபோது அலுவலகங்களுக்காகப் பியர் ஜானரே குழுவினர் தேக்கும் பிரம்புமாக நாற்காலிகள் செய்தார்கள். பிற்காலத்தில் கழித்துப் போட்ட அவற்றை வெளிநாட்டு ஏலங்களில் லட்சக்கணக்கில் வாங்குகிறார்கள்!

வெளியே தோட்டத்திலும் இதே கணக்குத்தான். புல்தரை போட்டால் அதற்குத் தினமும் தண்ணீர் வேண்டும். கோடையில் எங்கள் கிணறு குடிக்கவே கணக்காகத்தான் சுரக்கும். மேற்கு வெயிலுக்குப் பூவரசும் முருங்கையும் வைத்தோம். குளிக்கிற தண்ணீர் வாழைக்குப் போகிறது. சுவரோரம் பிச்சிக்கொடி. உடைந்த ஓட்டுத் துண்டுகளைப் பதித்து நடைபாதை. நாலைந்து வகைச் செடி போதும்; நாற்பது தொட்டி வைத்தால் தட்டுகளில் தண்ணீர் தேங்கி டெங்குக் கொசு முட்டையிடும். வாரம் ஒரு முறை தட்டைக் கவிழ்த்துவிட வேண்டும்.

தொல்லையே இல்லை என்று சொல்ல மாட்டேன். துவாரச் சுவரில் தூசியும் சிலந்திக்கூடும் சேரும். வாரா வாரம் ஈர்க்கு வாரியலால் தட்ட வேண்டியிருக்கிறது. ஆடிச் சாரலுக்கு ஓலைத் தட்டி கட்ட வேண்டும். மழைக்கு முன் ஓடு சரிபார்க்க வேண்டும். "பூச்சு வேலை எப்போ முடியும்?" என்று கேட்ட அண்டை வீட்டாருக்கு, "முடிஞ்சாச்சு, இவ்வளவுதான்" என்று என் வீட்டுக்காரரே பதில் சொன்னார். காண்டிராக்டர் சொன்ன தொகையில் பாதிக்குச் சற்று மேலேதான் செலவானது. மகளின் பீஸுக்குக் கடன் வாங்கவில்லை. அத்தை இரவில் யாரையும் எழுப்பாமல் தானே போய் வருகிறார்கள்.

புதிதாகக் கட்ட எல்லோராலும் முடியாது. தட்டட்டி வீட்டில் இருப்பவர்கள் கோடைக்கு முன் மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துப் பாருங்கள், கீழே சூடு குறைவது தெரியும். ஒரு நாள், ஓர் அறையில் இருப்பதையெல்லாம் வெளியே எடுத்து வையுங்கள். இது எதற்கு, யாருக்கு, துடைப்பது யார் என்று கேட்டுப் பதில் சொல்கிற சாமானை மட்டும் உள்ளே விடுங்கள். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் இதைவிட நல்ல அலங்காரம் இல்லை.

இன்னொன்று, சகோதரிகளே. வீடு கட்டும் பேச்சு வந்தால் ஆண்கள் பேசட்டும் என்று அடுக்களைக்குப் போய்விடாதீர்கள். காப்பியைக் கொடுத்துவிட்டு அங்கேயே உட்காருங்கள். அந்த வீட்டைத் தினமும் பெருக்கப் போவது நீங்கள்தானே!