பெயரில் 'கிளி' உண்டு, ஆனால் கிளி இல்லை... கொடைக்கானலின் குட்டிப் பாடகர்!

கொடைக்கானல் போகிறவர்கள் ஏரி, தூண்பாறை, பைன் காடு என ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மலையிறங்கிவிடுகிறார்கள். அதே ஊரில், வண்டிச் சத்தம் கேட்கும் தூரத்திலேயே ஒரு சின்னப் பறவை பாடிக்கொண்டிருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர, உலகில் வேறெங்கும் அது இல்லை.

அதன் பெயர் வெண்வயிற்றுச் சோலைக்கிளி. பச்சை நிறமோ வளைந்த அலகோ கிடையாது. மலையாளத்தில் பறவையைப் பொதுவாகக் 'கிளி' என்பார்கள். இதுவும் அந்தக் கிளிதான். சிட்டுக்குருவி அளவு, கருநீல உடல், வெள்ளை வயிறு, நீண்ட கால்கள்.

இருட்டில் ஒரு வீடு

மலை மடிப்புகளில் அடர்ந்திருக்கும் சோலைக்காடுகள்தான் இதன் வீடு. வெயில் எட்டாத ஈரத்தரையிலும் புதர்களிலும் தாவித் தாவிப் பூச்சி பிடிக்கும். மரப்பொந்திலோ மண்சரிவின் குழியிலோ பாசி வைத்துக் கூடு கட்டி, பெரும்பாலும் இரண்டு முட்டைகள் இடும். பார்ப்பது கடினம். விடியற்காலையில் விசிலடிப்பதுபோல எழும் நீண்ட பாட்டுதான் இதன் அடையாளம்.

ஒரே குடும்பம், இரண்டு மலை

நீலகிரியில் இதன் நெருங்கிய சொந்தம் வாழ்கிறது. அதற்கு வயிற்றோரம் செம்பழுப்பு. நடுவே பாலக்காட்டுக் கணவாய். குளிர்ந்த காட்டுக்குப் பழகிய இந்தக் குட்டிச் சிறகுகளுக்கு அந்தச் சூடான தாழ்நிலம் கடல் மாதிரி. பல லட்சம் ஆண்டுகள் பிரிந்திருந்ததால் இரண்டும் தனி இனங்களாகிவிட்டன. 2017-ல் ஆய்வாளர்கள் இரண்டையும் 'சோலிகோலா' என்ற புதிய பேரினத்தில் சேர்த்தார்கள். 'சோலையில் வாழ்வது' என்று பொருள். நம்முடைய 'சோலை' அறிவியல் பெயராகிவிட்டது!

பாட்டு மாறுகிறது

கணவாய் இயற்கை போட்ட எல்லை. மனிதர்கள் போட்ட எல்லைகளும் உண்டு. சோலையும் புல்வெளியும் இருந்த மலைகளில் தேயிலையும் யூகலிப்டஸும் வாட்டிலும் வந்தன. செல்ஃபி எடுக்கக் கூட்டம் கூடும் பைன் காடுகூட நட்டு வளர்த்ததுதான். ஒரு சோலைக்கும் அடுத்த சோலைக்கும் இடையே போக்குவரத்து குறைந்துபோனது.

பாட்டுப்பறவைகள் தம் இனத்தாரிடம் கேட்டுத்தான் பாடக் கற்கின்றன. காடழிந்து பிரிந்துபோன இடங்களில் மரபணுவிலும் பாட்டிலும் வேறுபாடு தெரிவதை ஆய்வுகள் காட்டுகின்றன. அக்கம்பக்கத்து மலைகளில் இருந்தும், ஒன்றின் பாட்டை மற்றது கேட்க வழியில்லை.

நீங்களும் கேட்கலாம்

அடுத்தமுறை கொடைக்கானல் போனால், விடிந்ததும் பாம்பே சோலை, பாம்பார் சோலை ஓரச் சாலைகளில் சற்று நின்று கேளுங்கள். ஒரு வேண்டுகோள்: போனில் பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள். எதிரி வந்துவிட்டதாக நினைத்து, இரை தேடுவதையும் கூட்டையும் விட்டுவிட்டு ஓடிவரும். பேசாமல் நின்றால் போதும், அதுவே பாடும்.