படுக்கையிலிருந்து வந்த ஆறுதல்

1931 அக்டோபர் 24. மருந்தகத்துக்காகக் களக்காட்டில் வாடகைக்குப் பிடித்திருந்த வீட்டைப் பார்க்க மிஷனரி ஏமி கார்மைக்கேல் போனபோது பொழுது சாய்ந்துவிட்டது. கழிவறைக்கென்று யாரோ தவறான இடத்தில் தோண்டி வைத்திருந்த குழி, அரையிருட்டில் அவர் கண்ணில் படவில்லை. விழுந்ததில் கால் எலும்பு முறிந்தது, கணுக்காலும் பிசகியது. கொஞ்ச நாளில் எழுந்து நடந்துவிடுவார் என்றுதான் உடனிருந்தவர்கள் நம்பினார்கள். நடக்கவில்லை. 1951 ஜனவரி 18 அன்று 83 வயதில் இறக்கும்வரை, ஏறத்தாழ இருபது வருடம், டோனாவூரில் ஓர் அறையே அவருக்கு ஊராகவும் உலகமாகவும் இருந்தது.

அதுவரை ஓரிடத்தில் உட்கார்ந்தறியாதவர் அவர். அயர்லாந்தின் வடபகுதியில் மில்லைல் என்ற கடலோரச் சிற்றூரில் பிறந்து, 1895-இல் இந்தியாவுக்கு வந்தார். திருநெல்வேலிச் சீமையில் மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போய், தமிழைப் படித்துப் பேசிப் பழகினார். 1901-இல் கோயில் சேவைக்கு விடப்பட்ட ஒரு சிறுமி தப்பி வந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அன்று தொடங்கிய வேலை, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து டோனாவூரில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வளர்ந்த பெரிய வீடாயிற்று. அத்தனை பேருக்கும் தாயாக ஓடிக்கொண்டிருந்தவர்தான் ஒரே மாலைப் பொழுதில் படுக்கையில் விழுந்தார்.

நோயாளிக்கு ஆறுதல் சொல்ல ஆளா இல்லை? கடிதங்கள் வந்தன. பக்திப் புத்தகங்களும் துண்டுப் பிரசுரங்களும் வந்தன. அவற்றில் பல தம் மனத்தைத் தொடவேயில்லை என்பதை ஏமி மறைக்கவில்லை. நல்ல உடல்நலத்தோடு எழுந்து நடமாடுகிறவர்கள் நோயாளிகளுக்கென்று எழுதியவை அவை. வலியில் புரளும் இரவு எப்படியிருக்கும் என்பது அந்தப் பக்கங்களுக்குத் தெரியாது. ஆகவே அவரே எழுதத் தொடங்கினார், நோயாளி நோயாளிக்கு எழுதுவதாக. உடல்நலமில்லாமல் கிடந்த அன்பர்களுக்கு அப்படி எழுதிய கடிதங்கள் 1933-இல் ‘ரோஸ் ஃப்ரம் பிரையர்’ என்ற நூலாயின. முள்செடியில் பூத்த ரோஜா என்று அந்தத் தலைப்பைப் புரிந்துகொள்ளலாம். குணமாகி எழுந்தபின் திரும்பிப் பார்த்து எழுதியதல்ல அது. முள் குத்திக்கொண்டிருக்கும்போதே எழுதியது. அதனால்தான் அது வேறு தேசத்து நோயாளிகளின் தலைமாட்டிலும் இடம் பிடித்தது.

கிறிஸ்தவ வீடுகளில் ஆறுதல் வார்த்தைக்குப் பஞ்சமில்லை. மகனுக்கு வேலை போய்விட்டது, மகளுக்கு வரன் அமையவில்லை, வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் பழுது, வட்டிக்கு வாங்கிய பணம் கழுத்தை நெரிக்கிறது. எதுவானாலும் ஜெபக்கூட்டம் முடிந்து செருப்பை மாட்டும் நேரத்தில் நாலு பேர் கையைப் பிடித்துக்கொண்டு, “கவலைப்படாதீங்கம்மா, கர்த்தர் பார்த்துக்குவார்” என்பார்கள். அதில் பொய் இல்லை, அன்பு உண்டு. ஆனால் அதோடு நிற்காமல், “விசுவாசம் மட்டும் குறையாம பார்த்துக்கோங்க” என்று ஒருவர் சேர்த்துவிடும்போது விஷயம் கெட்டுப்போகிறது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்த அம்மாளுக்குப் பழைய கவலையோடு புதுக் கவலையும் ஒன்று: தன் விசுவாசம் குறைந்ததால்தான் இப்படி ஆயிற்றோ?

வேதாகமம் இந்தத் தவறை அறியாததல்ல. யோபுவின் மூன்று நண்பர்கள் வந்த முதல் ஏழு நாளும் ஏழு இரவும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதுதான் அவர்கள் செய்த நல்ல காரியம். எட்டாம் நாள் தொடங்கிய விளக்கங்களும் குற்றச்சாட்டுகளும் அதிகாரம் அதிகாரமாக நீள்கின்றன. முடிவில் கடவுள் கோபிப்பது புலம்பிய யோபுவின் மேலல்ல, புத்தி சொன்ன நண்பர்கள் மேல். துக்க வீட்டுக்குப் போகும் எவரும் வாசலில் ஒரு நிமிடம் நின்று நினைத்துக்கொள்ள வேண்டிய கதை இது.

எலியாவின் கதை இன்னும் நுட்பமானது. பெரிய வெற்றி கிடைத்த கையோடு ராணியின் மிரட்டலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், உயிரை எடுத்துக்கொள்ளும் என்று வேண்டிக்கொண்டு தூங்கிப்போனான் அந்தத் தீர்க்கதரிசி. தேவதூதன் வந்தான். கண்டிக்கவில்லை, பிரசங்கம் பண்ணவில்லை, விசுவாசம் எங்கே போயிற்று என்று கேட்கவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தன. எலியா சாப்பிட்டான், மறுபடி படுத்துத் தூங்கினான். இரண்டாம் தடவையும் எழுப்பிச் சாப்பாடுதான். போக வேண்டிய தூரம் மிக அதிகம் என்ற ஒரு சொல், அவ்வளவே. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற வழிநடத்துதல் அவனுக்குக் கிடைத்தது நாற்பது நாள் நடையும் ஒரு குகையும் தாண்டிய பிறகு. வயிறும் தூக்கமும் முதலில், அறிவுரை பிறகு. மனம் உடைந்தவரைக் கையாள இதைவிட நல்ல வரிசை இன்றைய மருத்துவரிடமும் இருக்குமா என்பது சந்தேகம்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இதைத் தன் வழியில் செய்து காட்டியிருக்கிறது. மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900-இல் ஒரே படுக்கையோடு தொடங்கிய மருத்துவப் பணி அது. அதன் மனநல மையம் 1950-களில் பாகாயத்தில் உருவானது. மனநோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்துப் பூட்டி வைப்பதே வழக்கமாயிருந்த காலத்தில், இங்கே வீட்டார் ஒருவரும் நோயாளியோடு கூடவே தங்கிக் கவனித்துக்கொள்ளும் முறை வேரூன்றியது. மாத்திரை எடுத்துக்கொள்வது அவிசுவாசம் என்று இன்றும் சில மேடைகளில் முழங்குகிறார்கள். அந்தப் பேச்சை நம்பி மருந்தை நிறுத்தி அவதிப்பட்ட குடும்பங்கள் உண்டு. ஜெபமும் மருந்தும் ஒரே வளாகத்தில் இருக்க முடியும் என்பதற்கு வேலூர் கண்முன்னே நிற்கிறது.

சங்கீதப் புத்தகத்தையும் இந்தக் கண்ணோடு புரட்ட வேண்டும். 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல். எதுவரைக்கும் என்றும், ஏன் கைவிட்டீர் என்றும் கடவுளிடமே நேருக்கு நேர் கேட்கும் பாட்டுகள். பெரும்பாலானவை கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பிவிடும்; 88-ஆம் சங்கீதம் திரும்புவதில்லை, இருட்டிலேயே முடிகிறது. அப்படியொரு பாட்டை வேதத்தில் சேர்த்து, கோயிலில் பாடவும் வைத்த முன்னோர்கள், அழுகிறவரை அவசரப்படுத்தாதவர்கள். துக்கத்தில் இருப்பவருக்கு 23-ஆம் சங்கீதத்தை மட்டும் வாசித்துக் காட்டும் பழக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தி, 88-ஐயும் ஒருநாள் சேர்ந்து வாசித்தால் என்ன?

சரி, ஆறுதல் இப்படியென்றால் வழிநடத்துதல்? தமிழ்நாட்டுச் சபைகளில் டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும், தட்டில் வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகள் வரும். ஆளுக்கொன்று எடுப்பார்கள். பூப்படமோ மலைப்படமோ போட்ட அந்தச் சின்ன அட்டை பீரோ கண்ணாடியின் ஓரத்தில் வருடம் முழுக்கச் செருகியிருக்கும், பணப்பைக்குள் மடங்கிக் கிடக்கும். பிரசவ வார்டுக்கும் நேர்முகத் தேர்வுக்கும் அது கூடவே போகும். இதை லேசாகப் பேசக் கூடாது. ஆனாலும் அட்டையை ஜோசியச் சீட்டாக்கிவிடும் ஆபத்தும் உண்டு: வீடு வாங்கலாமா, இந்த வரனை முடிக்கலாமா என்று கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைப் பிரித்து விரலை வைப்பவர்கள் இருக்கிறார்கள்.

அன்றன்றைக்கு ஒரு வசனம் என்ற வழக்கத்துக்குப் பேர்போனவர்கள் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் ஊரைச் சேர்ந்த மொரேவியர்கள். 1760-இல் தரங்கம்பாடிக்கும் வந்து தங்கியவர்கள் அவர்கள். 1728 மே மாதத்தில் ஒரு மாலை, அவர்களின் தலைவர் சின்சென்டார்ஃப் பிரபு மறுநாளுக்கென்று சபையாருக்கு ஒரு வசனம் கொடுத்தார். நாள்தோறும் அப்படியொரு வசனத்தைச் சபையார் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சொன்னார்கள். 1731-இல் அது புத்தகமாக அச்சேறியது. இன்றுவரை ஆண்டுதோறும் வருகிறது. இங்கே கவனிக்க வேண்டியது, தொடக்கத்தில் அந்த வசனம் தனியாக வரவில்லை என்பது. ஓர் ஆள் அதைச் சுமந்துகொண்டு வாசற்படி ஏறி வந்தார். வீட்டில் யாருக்கு என்ன பாடு என்பதையும் அவர் கண்ணால் பார்த்துவிட்டுப் போனார்.

வசனம் வழிநடத்துவது எப்படி என்பதற்கு ஓர் உதாரணம். டீட்ரிக் போன்ஹோஃபர் என்ற ஜெர்மானியப் போதகர் 1939 ஜூனில் நியூயார்க்கில் இருந்தார். ஹிட்லரின் பிடியிலிருந்து தப்பிப் பத்திரமாக இருக்கட்டும் என்று நண்பர்கள் ஏற்பாடு செய்த பயணம். அவருக்கோ இருப்புக்கொள்ளவில்லை. தன் மக்கள் துன்பப்படும்போது தான் மட்டும் விலகி நிற்பதா என்று நாட்கணக்கில் தன்னோடு போராடி, ஜூன் 20 அன்று அங்கே தரவிருந்த வேலையை வேண்டாமென்று சொல்லிவிட்டார். ஆறு நாள் கழித்து, குளிர்காலத்துக்கு முன்னே வந்துவிடு என்று பவுல் தீமோத்தேயுவை அழைக்கும் வசனம் அவர் கண்ணில் பட்டது. அது தனக்கே சொன்னதுபோல் அவருக்குள் ஒலித்துக்கொண்டே இருந்தது. ஜூலையில் கப்பலேறினார். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளாசன்பர்க் முகாமில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அந்த வசனம் அவருக்காக முடிவெடுக்கவில்லை. மனசாட்சியோடு மல்லுக்கட்டி எடுத்த முடிவு முன்பே இருந்தது. வசனம் வந்து அதற்குக் கை கொடுத்தது. பீரோ கண்ணாடியில் செருகிய அட்டைக்கும் இந்த வேலையைத் தரலாம்.

டோனாவூரின் அந்த அறையிலிருந்தும் நாள்தோறும் சிறு குறிப்புகள் வெளியே போய்க்கொண்டிருந்தன. பிள்ளைகளுக்கும், தாதிகளுக்கும், வேலையில் களைத்தவர்களுக்கும். ஏமி இறந்தபின் அவற்றைத் தொகுத்து நாள்தியான நூலாகவே போட்டார்கள். தனக்குக் கல்லறைக் கல் வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்ததால், பிள்ளைகள் அந்த இடத்தில் பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டி ஒன்றை அமைத்தார்கள்.

பட்டவரே பட்டவருக்குச் சொல்லும் அந்த வகை ஆறுதலுக்கு இன்றைய சபைகளில் ஆள் இல்லாமல் இல்லை. அவர்களைத் தேடுவதுதான் இல்லை. கணவரை முதல் தடவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகும் பெண்ணுக்கு, அதே வார்டில் இரண்டு வருடம் உட்கார்ந்த இன்னொரு பெண் சபையில் நாலு வரிசை தள்ளி உட்கார்ந்திருக்கக்கூடும். எத்தனை மணி நேரம் ஆகும், எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம், காப்பீட்டுத் தாளுக்கு எந்த ஜன்னலில் நிற்க வேண்டும், முதல் மாதம் ஏன் கணவர் சிடுசிடுப்பார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஜெப விண்ணப்பத்தை ஒலிபெருக்கியில் வாசிக்கும் போதகர், ஆராதனை முடிந்ததும் அந்த இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு நகர்ந்துகொள்ளலாம். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் சந்திப்பதென்று அவர்களே பேசி வைத்துக்கொள்வார்கள்.