எண்ணிக்கையில் வராதவர்கள்

கோவையில் ஒரு கருத்தரிப்பு மையம். காலை ஏழரைக்கே நாற்காலிகள் நிரம்பிவிட்டன. டிவியில் சத்தமில்லாமல் ஒரு சமையல் நிகழ்ச்சி ஓடுகிறது. பக்கத்து நாற்காலியைப் பார்த்துவிடாமல் இருக்க எல்லோரும் அதையே பார்க்கிறார்கள்.

யாருக்கு எத்தனையாவது சைக்கிள், அதாவது ஐ.வி.எஃப். சிகிச்சைச் சுற்று, என்று கேட்கவே வேண்டாம். முதல் முறை என்றால் குடும்பமே வரும். மாமியார், அம்மா, தூக்குப்போசியில் இட்லி, பெண்ணின் மணிக்கட்டில் பழனிக் கயிறு. ஃபைல் புதுசு. அடுத்த முறை கணவனும் மனைவியும் மட்டும். ஃபைலுக்கு ரப்பர் பேண்ட் போட்டிருக்கும். அதற்கும் பிறகு பல பெண்கள் தனியாகவே வருகிறார்கள். ஐஸ் பேக்கில் ஊசி மருந்தைச் சுற்றி எடுத்து வரவும், வயிற்றில் தானே குத்திக்கொள்ளவும் பழகியவர்கள்.

பச்சைப் புடவைக்காரி ஒருக்களித்து உட்கார்ந்திருக்கிறாள். இடுப்புக்குக் கீழே போடும் புரோஜெஸ்டிரோன் எண்ணெய் ஊசி அப்படித்தான் உட்கார வைக்கும். கரு வைத்து இரண்டு வாரம் ஆகப்போகிறது போல. "நாளைக்குத்தானுங் ரிசல்ட்டு. அம்மாகிட்ட இப்பச் சொல்லாதீங்" என்று போனில் கிசுகிசுக்கிறாள். ரிசல்ட்டை நர்ஸ் போனில் சொல்வார். "ஒரு தடவை டாக்டரை வந்து பார்த்திடுங்க" என்றால் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

சட்டைப்பைக்குள் சின்ன டப்பாவை மறைத்தபடி ஓர் ஆண் கோடி அறைக்குப் போகிறார். குறை பெண்ணுக்கு மட்டும்தான் என்று நம்பும் ஊர்ப் பெரியவர்களை இங்கே அரைமணி நேரம் உட்கார வைக்கலாம்.

சுவர் முழுக்கக் குழந்தைப் படங்கள். அவற்றின் நடுவே வெற்றி விகிதம் ஒன்று பெரிய எழுத்தில். எதற்கு எத்தனை சதவீதம், எந்த வயதுக்கு என்று பலகையில் இல்லை. ரத்தப் பரிசோதனையில் பாசிட்டிவ் வருவது வேறு, குழந்தையை வீட்டுக்குத் தூக்கிப் போவது வேறு.

இந்தக் கணக்கைப் பாஸ்டனில் ஒழுங்காகப் போட்டுப் பார்த்தார்கள். 6,164 பெண்களைப் பின்தொடர்ந்த அந்த ஆய்வு 2009-ல் வெளியானது. ஆறு சைக்கிள் முடிவில் குழந்தை பெற வாய்ப்பு எவ்வளவு என்ற ஒரே கேள்விக்கு அதில் இரண்டு விடை: 72 சதவீதம், 51 சதவீதம். நடுவில் நின்றவர்களும் தொடர்ந்திருந்தால், தொடர்ந்தவர்களைப் போலவே அவர்களுக்கும் வாய்த்திருக்கும் என்று வைத்துக்கொண்டால் 72. அவர்களுக்கு வாய்த்தே இருக்காது என்று வைத்துக்கொண்டால் 51. உண்மை இடையில் எங்கோ. இந்த 21 புள்ளி இடைவெளி முழுக்க நின்று போனவர்களுடையது. 35 வயதுக்குக் கீழே இதே விடைகள் 86, 65. நாற்பதும் அதற்கு மேலும் என்றால் 42, 23.

"இன்னொரு தடவை பார்க்கலாம்" என்று டாக்டர் சொல்வதை வெறும் வியாபாரப் பேச்சு என்று தள்ளவும் முடியாது. பிரிட்டனில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளை அலசி 2015-ல் வந்த ஆய்வில், முதல் சைக்கிளில் குழந்தை பிறந்தது 29.5 சதவீதம். நான்காவது சைக்கிளிலும் அது 20-க்கு மேலேயே நின்றது. ஆறு முடிவதற்குள் மொத்த வாய்ப்பு ஏறக்குறைய 65. ஆகத் திரும்பத் திரும்ப முயல்வதில் பொருள் உண்டு. பொருளும் வேண்டும் என்பதுதான் சங்கடம். இங்கே ஒவ்வொரு தடவையும் லட்சக்கணக்கில் போகிறது. பெரும்பாலான காப்பீடுகள் கைவிரித்துவிடும். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் 2024-ல் கருத்தரிப்பு மையம் திறந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுக்கு அப்படி ஒன்றிரண்டு போதாது.

பணம் மட்டும் காரணமென்றால் ஸ்வீடனில் யாரும் நின்றிருக்கக் கூடாது. அங்கே மூன்று சைக்கிள் இலவசமாகக் கிடைத்தும் மூன்றாவது வரை வராமல் பலர் நின்றார்கள். அவர்கள் சொன்ன காரணங்களில் முதலிடம் மனச்சுமைக்கு.

மூலையில் ஒரு தம்பதி. ரப்பர் பேண்டும் கொள்ளாத ஃபைல்.

"ஏனுங்க, இந்த மாசம் வேண்டாமுங்க."

"பணத்துக்கு நான் பார்த்துக்கறேன் கண்ணு."

"பணத்துக்குச் சொல்லலைங்க."

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. டோக்கன் கூப்பிடுவதற்கு முன்பே இருவரும் எழுந்து லிஃப்ட் பக்கம் போகிறார்கள். வரவேற்பில் இருக்கும் பெண் அந்தப் பெயரை இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு, அடுத்த பெயருக்குப் போகிறாள். ஏன் போனார்கள் என்று கேட்டு எழுத அவளிடம் ஒரு கட்டம்கூட இல்லை. இனி அவர்களுக்கு இயல்பாகவே குழந்தை பிறக்கலாம். தத்தெடுக்கலாம். இருவராகவே நிம்மதியாக இருக்கலாம். எதுவானாலும் சுவரில் இருக்கும் சதவீதம் அசையாது.

இப்படி ஓர் இடத்துக்குப் போகிறவர்கள், பணம் கட்டுமுன் இதைக் கேளுங்கள்: "என் வயதில் இங்கே சிகிச்சை தொடங்கிய நூறு பேரில், குழந்தையோடு வீட்டுக்குப் போனவர்கள் எத்தனை பேர்? நடுவில் நின்றவர்களை எந்தக் கணக்கில் சேர்த்திருக்கிறீர்கள்?" பதிலை வாயால் சொன்னால் போதாது, எழுதி வாங்குங்கள்.